பிபிஎக்ஸ் பெட்டி + வெளி டேட்டாபேஸ்: கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் அடுத்த அழைப்பு போகவே மாட்டேன் என்கிறது

மணியோசை:
வணக்கம் நண்பர்களே. ஏஆர்எம் புராசஸர் உள்ள ஒரு சின்ன பிபிஎக்ஸ் (உள் தொலைபேசி இணைப்பகம்) பெட்டியில் ஆஸ்டரிஸ்க் என்ற அழைப்பு மென்பொருள் ஓடுகிறது. உள்ளே இருக்கும் ஃபிளாஷில் இடமும் குறைவு, ஓயாமல் எழுதினால் தேய்ந்தும் போகும். அதனால் மரியாடிபி டேட்டாபேஸைத் தனி சர்வரில் வைத்து ஓடிபிசி என்ற டேட்டாபேஸ் இணைப்பு முறை வழியாக இணைத்திருக்கிறேன். சிடிஆர் (ஒவ்வொரு அழைப்பின் விவரம்) பதிவுகள் அங்கே போகின்றன. எக்ஸ்டென்ஷன் (உள் எண்) விவரங்களும் ரியல்டைம் முறையில், அதாவது தேவைப்படும்போது கேட்டு வாங்கி, அங்கிருந்துதான் வருகின்றன. நடுவில் ஒரு ஃபயர்வால் உண்டு.

ஆள் பேசிக்கொண்டே இருந்தால் எந்தக் குறையும் இல்லை. ஒரு மணி நேரம் போல யாரும் பேசாமல் இருந்துவிட்டால் அடுத்து போனை எடுப்பவர் மாட்டிக்கொள்கிறார். எண்ணை அழுத்தினால் ரிங் கூட வராது, அரை நிமிடத்தில் அழைப்பு விழுந்துவிடும். மற்ற போன்களிலும் அதே கதை. கால் மணி நேரம் போல விட்டால் யாரும் தொடாமலே சரியாகிவிடும். அந்த நேரத்தில் பெட்டிக்குள் நுழைந்து ஐஎஸ்க்யூஎல் (ஓடிபிசி வழியாக டேட்டாபேஸைச் சோதிப்பது) கட்டளை போட்டால் டேட்டாபேஸ் உடனே பதில் சொல்கிறது! லாகில் பிழை எதுவும் இல்லை. இந்தப் பெட்டிக்குத் தெம்பு போதவில்லையோ?

பழையமோடம்:
வெயிட்_டைம்அவுட்தான். சும்மா இருக்கும் இணைப்பை மரியாடிபி தானே அறுத்துவிடும். அதைக் கூட்டி வையுங்கள்.

வேர்ப்பயனர்:
அதுவாக இருக்காது என்று நினைக்கிறேன். வெயிட்_டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். இவருக்கு ஒரு மணி நேரத்திலேயே சிக்குகிறது. தவிர, சர்வர் அறுத்தால் முறையாகச் சொல்லிவிட்டுத்தான் அறுக்கும். ஆஸ்டரிஸ்க் அடுத்த கேள்வியை அனுப்பியதும் 'சர்வர் போய்விட்டது' என்ற பிழை லாகில் விழும், புது இணைப்பும் உடனே உருவாகும். இப்படித் தொங்காது.

மணியோசை சொன்ன இரண்டு கால அளவுகளைப் பாருங்கள். அரை நிமிடம் என்பது எஸ்ஐபி என்ற அழைப்பு நெறிமுறையின் 32 விநாடி. பதில் வராத கோரிக்கையைப் போன் அவ்வளவு நேரம்தான் தாங்கும் (அதன் அடிப்படைக் கால அளவு டி1 500 மில்லி விநாடி, அதன் 64 மடங்கு). கால் மணி நேரம் லினக்ஸ் கணக்கு. அனுப்பிய பாக்கெட்டுக்கு ஒப்புகை வராவிட்டால் டிசிபி (பாக்கெட்டுகளைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அந்த முயற்சிகளுக்கு வரம்பு வைக்கும் டிசிபி_ரிட்ரைஸ்2 வழக்கமான 15-இல் இருந்தால் கைவிட ஏறக்குறைய 924 விநாடி ஆகும். ஆக, நடுவில் இருக்கும் ஃபயர்வால் சும்மா கிடந்த இணைப்பை மறந்துவிட்டு, வரும் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. ஐஎஸ்க்யூஎல் புது இணைப்பு போடுகிறது, அதனால் அதற்குத் தொல்லை இல்லை. ஆஸ்டரிஸ்க்கின் ஓடிபிசி மாட்யூலான ரெஸ்_ஓடிபிசியில், ஒரே நேரத்தில் வைக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையான மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் இயல்பாக 1. அந்த ஒன்று செத்தால் எல்லாப் போன்களும் அதன் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அடுத்த முறை சிக்கும்போது பெட்டியில் எஸ்எஸ் கட்டளையை (இணைப்புகளின் நிலையைக் காட்டுவது) டைமரோடு ஓட்டுங்கள். டேட்டாபேஸ் பக்கம் ஷோ பிராசஸ்லிஸ்ட் (நடப்பு இணைப்புகளின் பட்டியல்) போடுங்கள். எஸ்எஸ் வரியில் பாக்கெட் திரும்ப அனுப்பப்படுவதாகக் காட்டினால் முடிந்தது விஷயம்.

மணியோசை:
நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. பெட்டிப் பக்கம் இணைப்பு 'எஸ்டாப்' (இணைந்திருக்கும்) நிலையில், டைமர் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சர்வரில் அந்த இணைப்பு தூங்குகிற மாதிரி 'ஸ்லீப்' என்றே காட்டுகிறது. ஒரு கேள்வியும் அங்கே போய்ச் சேரவில்லை.

வேர்ப்பயனர்:
நல்லது. சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பாக்கெட் அனுப்பிப் பார்க்கக் காத்திருக்கும் நேரமான டிசிபி_கீப்அலைவ்_டைம் இயல்பாக 7200 விநாடி, 2 மணி நேரம். ஃபயர்வால் அதற்கு முன்பே மறந்துவிடுகிறது. 300 ஆக்குங்கள். இணைப்பு சும்மா இருக்கும் நேரத்தில் எஸ்எஸ் காட்டும் டைமர் 'கீப்அலைவ்' என்றிருந்தால் போதும், வேலை செய்யும். டிசிபி_ரிட்ரைஸ்2-ஐ 8 ஆக்கினால் செத்த இணைப்பு 100 விநாடி அளவில் தெரிந்துவிடும். இந்த மாதிரிப் பெட்டிகளில் ரூட் (சிஸ்டம் கோப்புகள் இருக்கும்) பகுதி பெரும்பாலும் படிக்க மட்டும்தான். ரீபூட் ஆனால் மாற்றம் காணாமல் போகும், ஆரம்ப ஸ்கிரிப்டில் போட்டுவிடுங்கள்.

குறுக்கிணைப்பு:
கீப்அலைவ் சரி. ஆனால் நாளைக்கு அந்த சர்வரையே அப்டேட்டுக்காக நிறுத்தினால்? ஒரு போனும் பேசாது. எக்ஸ்டென்ஷன் விவரத்தை எதற்கு வெளியே வைக்க வேண்டும்? அது மாறுவது எப்போதோ ஒருமுறை. டேட்டாபேஸிலிருந்து பிஜெசிப்.கான்ஃப் (ஆஸ்டரிஸ்க்கின் எஸ்ஐபி அமைப்பு) கோப்பை ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தரட்டும், பெட்டி அதைப் படித்துக்கொள்ளட்டும். வெளியே போக வேண்டியது சிடிஆர் மட்டும்.

வேர்ப்பயனர்:
ரியல்டைமை விட மனமில்லை என்றால் சோர்சரி மெமரி கேஷ் (படித்த விவரங்களை ஆஸ்டரிஸ்க் மெமரியில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வது) இருக்கிறது. ஆனால் குறுக்கிணைப்பு சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. கேஷ் காலாவதியாகும் நேரத்தில் சர்வர் படுத்திருந்தால் திரும்பவும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

மணியோசை:
சிடிஆரை மட்டும் வெளியே அனுப்பினாலும், சர்வர் இல்லாத நேரத்துப் பதிவுகள் போய்விடாதா? பில்லிங்குக்கு அவை வேண்டும்.

குறுக்கிணைப்பு:
ஓடிபிசியோடு, பதிவைப் பெட்டியிலேயே கோப்பில் எழுதும் சிடிஆர்_சிஎஸ்வி மாட்யூலையும் ஏற்றி வையுங்கள். ஒரே பதிவு இரண்டு இடத்துக்கும் போகும். விட்டுப்போனவற்றை யூனிக்ஐடி (அழைப்பின் தனி அடையாள எண்) வைத்து ஒப்பிட்டுப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஒரு அழைப்புக்கு ஒரு வரி எழுதுவதால் ஃபிளாஷ் செத்துவிடாது. அதற்காக பேட்ச் முறையை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதில் இயல்பாக 100 பதிவு சேரும்வரை அல்லது 300 விநாடி வரை எல்லாம் மெமரியில் கிடக்கும், கரண்ட் போனால் அத்தனையும் போச்சு.

பழையமோடம்:
அந்தப் பெட்டியில் கடிகார பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்வது) நேரம் வருவதற்குள் முடிந்த அழைப்புகள் 1970 தேதியோடு பில்லில் ஏறும்.

மணியோசை:
பேட்டரி இருக்கிறது, பார்த்துவிட்டேன். கீப்அலைவ் போட்டபின் தொங்கவில்லை. கோப்பு முறைக்கு மாறப் போகிறேன். ஒரே சந்தேகம்: கோப்பு மாறும்போதெல்லாம் ரீலோட் போட்டால் ஓடுகிற அழைப்புகள் அறுந்துவிடுமா?

வேர்ப்பயனர்:
பிஜெசிப் ரீலோட் ஓடுகிற அழைப்பைத் தொடாது. டிரான்ஸ்போர்ட் (எந்த முகவரி, போர்ட்டில் அழைப்பை ஏற்பது என்ற) பகுதியை அது இயல்பாகவே மாற்றாது. அதை மாற்றினால் மட்டும் ஆஸ்டரிஸ்க்கை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.