பழைய ஸ்டில் 070 செயின்சா (மரம் அறுக்கும் மெஷின்): சூடானதும் ரேஸ் ஏறி நிக்குது, பிஸ்டன் கிட் மாத்தணுமா?

உசிலம்பட்டி தோப்பு:
வணக்கம். மரக்கடையில் வாங்கிய பழைய 070, 106 சி.சி., பாயிண்ட் செட் (பிளக் பொறிக்காகத் திறந்து மூடும் தொடர்பு முனை) உள்ள மாடல். ஆறியிருக்கும்போது ரெண்டு மூணு இழுப்பில் பிடித்துவிடும். புளியமரத்தில் பத்து நிமிஷம் ஓட்டினால் இழுவை குறையுது. த்ராட்டிலை விட்டாலும் ரேஸ் இறங்க மாட்டேங்குது, தானாக ஏறி நின்றுவிடுது. ஆறினால்தான் மறுபடி பிடிக்கும். லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில். சைலன்சரைக் கழற்றிப் பார்த்தேன், பிஸ்டனில் அந்தப் பக்கம் நெடுக்குக் கோடு இருக்கு. லேத்தில் போர் அடித்து ஓவர்சைஸ் போடலாம் என்கிறார்கள். இன்னொரு கடையில் டூப்ளிகேட் கிட் போடச் சொல்கிறார்கள். எது சரி?

மேலூர் மரக்கடை:
ரெண்டுமே இப்போ வேண்டாம் அண்ணே. 070 சிலிண்டர் உள்பக்கம் குரோம் பூச்சு. போர் அடித்தால் பூச்சு போய் வெறும் அலுமினியம்தான் மிஞ்சும், அதில் பிஸ்டன் ஓடாது. கிட் மாற்றினாலும் காரணம் அப்படியே இருந்தால் புது பிஸ்டனும் இதே மாதிரி கோடு வாங்கும்.

சைலன்சர் பக்கம் மட்டும் கோடு என்றால் பெரும்பாலும் லீன் சூடு. கார்பரேட்டர் பக்கம் இருந்தால் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கும். நாலு பக்கமும் இருந்தால் ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கலாம். நீங்கள் சொல்கிற ரேஸ் இறங்காத கதையும் லீன்தான்: எங்கேயோ கூடுதல் காற்று போகுது, இல்லை பெட்ரோல் குறையுது.

செலவில்லாத சோதனை முதலில். நிற்கப்போகும் நேரத்தில் பெட்ரோல் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, மெஷினும் தெளிந்தால் டேங்க் வென்ட் அடைப்பு. டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரையும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் ஆயில் சீல் (கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மேல்தான் சந்தேகம்.

சீலைச் சோதிக்க சைலன்சர் வாயையும் இன்டேக் வாயையும் சைக்கிள் டியூப் ரப்பர் வெட்டி வைத்து, தகடு போட்டு முறுக்கி அடையுங்கள். பிஸ்டன் கீழே இருக்கணும், அப்போதுதான் பிளக் ஓட்டை வழியாக அடிக்கும் காற்று கிராங்க் கேஸுக்குள் போகும். சைக்கிள் பம்பு வேண்டாம், அழுத்தம் அதிகம். பி.பி. பார்க்கும் கருவியின் பல்பும் மீட்டரும் போதும். மீட்டரில் 300 வரை ஏற்றினால் 0.4 பார் ஆகிவிடும். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். மேக்னெட்டை (காந்தம் உள்ள சுழல் சக்கரம்) கழற்றாமல் அந்தப் பக்கச் சீல் கண்ணுக்கே தெரியாது, பல பேர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கீழவாசல் டூ ஸ்ட்ரோக்:
சீல் சரி. ஆனால் ஆறினால்தான் பிடிக்கும் என்கிறாரே, அதற்கு சீல் மட்டும் காரணமாக இருக்காது. நின்ற உடனே, சூடு ஆறுவதற்குள், பிளக்கைக் கழற்றி பாடியில் எர்த் செய்து இழுத்துப் பாருங்கள் (பிளக் ஓட்டையைத் துணியால் மூடிக்கொண்டு, பெட்ரோல் புகை வெளியே வராதபடி). நீலமாக 'டிக்' என்று அடித்தால் நல்லது. மஞ்சளாக மெல்லிசாக வந்தால் கண்டன்சர் அல்லது காயில். ஆறியபோது நல்ல பொறி, சூட்டில் பொறியே இல்லை என்றால் கண்டன்சரைத்தான் முதலில் பிடிக்கணும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கெட்டிக் காகிதத்தை இடையில் செருகி இழுத்தாலே அழுக்கு வந்துவிடும்.

உசிலம்பட்டி தோப்பு:
மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லை. சூட்டில் பொறி மஞ்சள். காற்றுச் சோதனையில் முள் மடமடவென்று இறங்குது, மேக்னெட் பக்கச் சீலில் நுரை. கிளட்ச் பக்கச் சீல் கசியாமல் நிற்குது.

மேலூர் மரக்கடை:
அப்போ ரெண்டு வியாதி. கிளட்ச் பக்கம் நின்றாலும் இரண்டு சீலையும் மாற்றிவிடுங்கள், பழசு பழசுதான். அதோடு, சீலின் உதடு உள்பார்த்து இருப்பதால் அழுத்தத்தைத் தாங்கும், வெற்றிடத்தில் விட்டுவிடும். பிரேக் ப்ளீட் செய்யும் கைப்பம்பு கிடைத்தால் 0.5 பார் இழுத்தும் பாருங்கள். 20 வினாடியில் 0.3-க்குக் கீழே போகக் கூடாது.

மேக்னெட் கழற்ற புல்லர் போடுங்கள். கிராங்க் நுனியில் சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணிக்கும். பிஸ்டனை நிறுத்த இரும்பு போல்ட் விடாமல், எக்ஸாஸ்ட் ஓட்டை மூடும் வரை பிஸ்டனை ஏற்றிவிட்டு, பிளக் ஓட்டையில் ஸ்டார்ட்டர் கயிற்றைத் திணியுங்கள். அதற்கு முன் திணித்தால் ஓட்டையில் கயிறு சிக்கி அறுந்துவிடும். கிளட்ச் பெரும்பாலும் இடது மரை, மேலே அம்புக்குறி இருக்கும், பார்த்துத் திருப்புங்கள்.

பழைய சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் எழுதியிருக்கும். அதைப் பேரிங் கடையில் காட்டுங்கள். விட்டான் ரப்பர் கிடைத்தால் விலை கூட என்றாலும் வாங்குங்கள். மாட்டும்போது கிராங்க் தண்டில் உள்ள சாவிப் பள்ளத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக்கைச் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி இறக்குங்கள். அந்தப் பள்ளத்தின் விளிம்புதான் புதுச் சீலைக் கிழிக்கும்.

கீழவாசல் டூ ஸ்ட்ரோக்:
கண்டன்சருக்கு அசல் தேடி அலைய வேண்டாம். 0.2 மைக்ரோபாரட் அளவில் பழைய பைக் கண்டன்சர் வேலை செய்யும், எர்த் கெட்டியாக இருக்கணும், அவ்வளவுதான்.

சிலிண்டரில் ஒட்டியிருப்பது பிஸ்டன் அலுமினியம்தான். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், அது குரோம் பூச்சையே அரிக்கும். காஸ்டிக் சோடாக் கரைசலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டு, கறை மேல் மட்டும் தடவுங்கள். நுரைக்கும். நுரை அடங்கினால் அலுமினியம் போய்விட்டது. ஓட்டை விளிம்புகளில் பூச்சு இல்லை, அங்கே பட்டால் அரித்துவிடும். பிறகு நிறையத் தண்ணீரில் கழுவி, துடைத்து, உடனே ஆயில். ஒரே இடத்தில் நுரை நிற்காமல் வந்தால் பூச்சு உரிந்திருக்கு, அந்த சிலிண்டர் தேறாது. நகத்தால் தடவினால் மாட்டினாலும் அதே கதை.

ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி வாய் இடைவெளி பாருங்கள். 58 மி.மீ. போருக்கு 0.2–0.3 நல்லது, 1 மி.மீ. தொட்டால் தூக்கிப் போடுங்கள். பிஸ்டன் மேல் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கணும். சர்க்கிளிப்பை (பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் வளையம்) பழையதையே மாட்டாதீர்கள். கிராங்க் வாயில் துணி அடைத்துவிட்டு அதைக் கழற்றுங்கள், உள்ளே விழுந்தால் முழுசா பிரிக்கணும்.

நத்தம் மலையடிவாரம்:
கார்பரேட்டரை விட்டுவிட்டீர்களே. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும், பழைய டயாபிரத்தை (கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) கடினமாக்கும். ரிப்பேர் கிட் மாற்றுங்கள். டில்லட்சன் ஹெச்.எல். கார்பரேட்டரில் ஊசி லீவர் அறைத் தரைக்குச் சமமாக இருக்கணும். தாழ்ந்தால் லீன், உயர்ந்தால் வழியும். எச் (முழு வேகத்துக்கு), எல் (ஐடிலுக்கு) ரெண்டு பெட்ரோல் ஸ்க்ரூவும் ஒரு சுற்று திறந்து ஆரம்பியுங்கள். சூடான பின், லோடு இல்லாமல் முழு த்ராட்டிலில் 'பட பட' என்று ஃபோர் ஸ்ட்ரோக் சத்தம் லேசாக வரும்படி எச்-ஐ வையுங்கள். மரத்தில் இறக்கினால் அது தெளியணும். லோடில்லாமலே கீச்சென்று சுத்தமாக ஓடினால் லீன். வேலை முடிந்தால் டேங்கைக் காலி செய்து தானாக நிற்கும் வரை ஓட்டிவிடுங்கள். 40 மில்லி அளவை மாற்ற வேண்டாம், 25-க்கு 1 பழைய மெஷினுக்குச் சரி.

செயின் .404 என்றால் அரம் 5.5 மி.மீ. புளி, சீமைக்கருவேலத்துக்கு முனை மழுங்கினால் மெஷின் சூடாகி மறுபடி இங்கேதான் வந்து நிற்பீர்கள். இன்னொன்று: பழைய 070-ல் செயின் பிரேக் கிடையாது. பார் நுனியால் அறுக்காதீர்கள், அது அடித்துத் திருப்பினால் நிறுத்த எதுவும் இல்லை.

உசிலம்பட்டி தோப்பு:
சீல், கண்டன்சர், டயாபிரம் கிட் மூணும் வாங்கி வைத்துவிட்டுப் பிரிக்கிறேன். ரிங் இடைவெளி அளந்ததும் இங்கே போடுகிறேன்.