'அடி'ன்னு சொல்லாமலே அடிக்க வைக்கிற ஆள்

கொடுமைக்காரர் ஒருவர் கூட இருப்பவர்களையே எப்படி அடிக்க வைக்கிறார், அதை எப்படித் தடுப்பது என்று இராமநாதபுரம் கடற்கரையின் நான்கு ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது இது.

மண்டபம்:
விசைப்படகில் ஐந்து பேர், ஆறு பேர் போவார்கள். ஓட்டுகிறவர் கொடுமைக்காரராக இருந்தால் மற்றவர்கள் எந்த வரிசையில் மாறுகிறார்கள் என்று கவனியுங்கள். முதல் அடி எப்போதும் அவருடையதுதான். மடியை (இழுவை வலையை) ஏற்றும்போது கயிறு சிக்கிவிட்டது என்று படகில் இருப்பதிலேயே சின்னப் பையனை அறைவார். மீன் பிரிக்கிறவர்கள் தலை நிமிர மாட்டார்கள். இறாலைத் தனியாக, நண்டைத் தனியாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் பார்ப்பது பையனை அல்ல, குனிந்த அந்தத் தலைகளை. அடுத்த தடவை, "அவன் கையைப் பிடிடா" என்பார். பிடித்தவன், 'நான் அடிக்கலையே' என்று மனசைத் தேற்றிக்கொள்வான். அதற்கும் அடுத்து, "நீயே அவனுக்குப் புத்தி சொல்லு." பிறகு சொல்லவே வேண்டாம், அவர் முகம் கறுத்தாலே ஒருவன் எழுந்துவிடுவான். பெரும்பாலும் போன வருசம் அடி வாங்கியவன்தான் இந்த வருசம் ஓங்கி அடிப்பான்.

வேறு படகுக்குப் போய்விடலாமே என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அடுப்பெரியப் படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம், மீன் வருமானப் பங்கில் கழிகிற வரைக்கும் கால்கட்டுத்தான். நடுக்கடலில் இறங்கி நடக்கவும் முடியாது.

கீழக்கரை:
அண்ணே, நீங்கள் சொன்ன "கையைப் பிடி" இருக்கிறதே, அதுதான் முடிச்சு. 1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையை வகுப்பில் நடத்தும்போது அந்தக் கருவியைப் பலகையில் வரைந்து காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். தப்பாகப் பதில் சொல்கிற ஆளுக்கு, சோதனை நடத்துகிறவர் சொல்படி ஷாக் கொடுக்கிற கருவி அது. 30 சுவிட்ச். முதலாவது 15 வோல்ட், கடைசி 450. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வெறும் 15 வோல்ட்தான் வித்தியாசம். 150-ஐ அழுத்தியவனுக்கு 165-ல் நிற்க என்ன காரணம் கிடைக்கும்? மின்சாரம் நிஜமில்லை, அடுத்த அறையில் சுவரை இடித்தவர் ஏற்பாட்டு ஆள். அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி வரை போனார்கள்.

இன்னொரு வகைச் சோதனையில் சுவிட்சை வேறொருவர் அழுத்தினார், இவர்களுக்குக் கூட உட்கார்ந்து செய்யும் துணை வேலை மட்டும். அதில் 40-க்கு 37 பேர் கடைசி வரை இருந்தார்கள். கை படாத உதவி என்றால் ஆள் அவ்வளவு சுலபமாக வழுக்கி விழுகிறான். கூட இருந்த இரண்டு பேர் "முடியாது" என்று எழுந்துவிட்ட வகையிலோ கடைசி வரை போனவர்கள் 40-க்கு 4 பேர். இத்தனைக்கும் அங்கே கட்டளையிட்டவர் அதட்டக்கூட இல்லை. கேட்டால், பொறுப்பு என்னுடையது என்றார், அவ்வளவுதான்.

தொண்டி:
கீழக்கரை காக்கா (அண்ணே), அந்த "பொறுப்பு என்னுடையது" கரையில் வேறு மாதிரி வரும்: "கேஸ் வந்தா நான் பாத்துக்கிறேன்."

பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. 1983 சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுவைமடி போடக் கூடாது. மீறி ராத்திரியில் வலை மேல் ஏறிப் போனால் நாட்டுப்படகுக்காரர் கடன் வாங்கிப் போட்ட வலை போச்சு. கோபம் நியாயமானது. அந்த நியாயத்தைத்தான் கொடுமைக்காரத் தலைவர் கையில் எடுக்கிறார். வலைக்கு நஷ்டஈடு என்று தொடங்கிய பேச்சு, ரெண்டு நாளில் ஊர் மானம் என்று ஆகிவிடும். எதிராளியின் பெயரைச் சொல்வது நிற்கும், பட்டப்பெயர் வரும், பிறகு விலங்குப் பெயர். 1994-ல் ருவாண்டாவில் ஆர்டிஎல்எம் வானொலி துட்சி இன மக்களைக் கரப்பான் பூச்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சுமார் 100 நாளில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பெயர் மாறுகிற நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அடையாளம், கூட்டத்துக்கு யார் வரவில்லை என்று எண்ணுவது. வராத வீட்டுக்குத் தண்டம் என்று வந்துவிட்டால் கம்பு தூக்க விருப்பமில்லாதவனும் வந்து நிற்பான்.

"கேஸ் வந்தா நான் பாத்துக்கிறேன்" என்ற அந்த வாக்குறுதியும் பொய். ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடி, கூடிய நோக்கத்துக்காக ஒருவர் குற்றம் செய்தால் கூட இருந்த எல்லாரும் குற்றவாளிகள்தான். பழைய இ.பி.கோ. 149, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 190. கம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்ற பையனும் அதில் சேர்த்தி. தலைவர் பல நேரம் அந்த இடத்திலேயே இருக்க மாட்டார்.

பாம்பன்:
தடுக்கிற வழியையும் எழுதிவிடுகிறேன். கடலில் தனியாக எதிர்த்துப் பேசுகிறவன்தான் அடுத்த அடி வாங்குவான், இதில்தான் நல்ல பையன்கள் ஏமாறுகிறார்கள். கரையில் வலை பொத்தும்போதே ஊசியைக் கீழே வைக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் பேசி வைக்க வேண்டும்: "நான் முதல்ல சொல்றேன், நீ அடுத்த மூச்சில சொல்லு." இரண்டாவது குரல் தாமதித்தால் ஓட்டுகிறவர் முதல் ஆள் பக்கம் திரும்பிவிடுவார். சொல்ல வேண்டிய நேரம் "பிடிடா" என்கிற நேரம். அதைத் தாண்டிவிட்டால் கை கறைபட்டவன் வாயில் சொல் வராது. நீளமாகப் பேச வேண்டாம். "எனக்குக் கை வராதுண்ணே" போதும், அதோடு அடி வாங்குகிற பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுங்கள்: ஐஸ் அள்ளு, தண்ணி கொண்டா.

வியட்நாமின் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 அன்று சொந்தப் படையின் கொலையை மறித்து ஹெலிகாப்டரை இறக்கிய அமெரிக்க ராணுவ விமானி ஹியூ தாம்சனோடும் இரண்டு பேர் இருந்தார்கள்.

முன்பணக் கணக்கை நோட்டில் எழுதி, ஒவ்வொரு பங்கிலும் எவ்வளவு கழிந்தது என்று பையன் கண்ணெதிரே குறிக்கச் சொல்லுங்கள். டீசல், ஐஸ், சாப்பாடு கழித்த மிச்சப் பங்கை வேறு யார் கையிலும் கொடுக்காமல் அவன் கையிலேயே எண்ணிக் கொடுக்க வேண்டும்.