கோதுமை பீரும் அடிப்பிடித்த மெஷினும்: உங்க அனுபவம் என்ன?

மெல்பர்னில் நாலு வருஷமா வீட்டிலேயே பீர் காய்ச்சுறேன். இப்போ கையில இருக்கிறது 35 லிட்டர் தானியங்கி மெஷின். தானியத்தை வெந்நீர்ல ஊறவைக்க எந்த வெப்பத்துல எவ்வளவு நேரம்னு போட்டுட்டா அதுவே ஏத்திப் பிடிச்சு வைக்கும். அதை முழுசா நம்பி 20 லிட்டர் பீரைக் கொட்டினேன். அதனாலதான் எழுதுறேன்.

ஜெர்மன் பாணி கோதுமை பீர். 5 கிலோ தானியம், பாதிக்கு மேல கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்தின தானியம்). 52, 63, 72, கடைசியா 78 டிகிரின்னு படிப்படியா போட்டு, அடியில இருக்கிற திரவத்தை எடுத்து தானியத்து மேல ஊத்துற பம்பை முழுசா திறந்துவிட்டு வேற வேலை பார்க்கப் போயிட்டேன். திரும்பி வந்தப்போ திரையில 63. ஒரு சந்தேகத்துல தனி தெர்மாமீட்டரைத் தானியத்துக்கு நடுவுல செருகினா 56! சென்சார் இருக்கிறது அடியில. கோதுமைக்கு உமி கிடையாது, அதனால மேல தானியம் களி மாதிரி இறுகிடுச்சு. பம்ப் மேல தள்ளினது கீழ இறங்கவே இல்லை. அடியில மிஞ்சின கொஞ்ச திரவத்தைத்தான் ஹீட்டர் காய்ச்சிக்கிட்டு இருந்திருக்கு. மூடியைத் திறந்ததும் பால் அடிப்பிடிச்சா வருமே, அதே வாடை. கழுவும்போது பார்த்தா ஹீட்டர் தட்டு முழுக்க கரும்பழுப்பா ஒட்டியிருந்த மாவு, நகத்தால சுரண்டினாலும் வரல. கொட்ட மனசு வராம ஈஸ்ட் போட்டு மூணு வாரம் காத்திருந்தேன். ஒவ்வொரு டம்ளர்லயும் சாம்பல் ருசி.

இப்போ கோதுமைன்னா நெல் உமி இல்லாம தொடங்குறதே இல்லை. 5 கிலோவுக்கு 250 கிராம், நல்லா அலசிப் போடுவேன். உமிக்கு ருசி கிடையாது, வழி மட்டும் விடும். மால்ட்டை அரைக்க மில் இடைவெளி 1.2 மில்லிமீட்டர், அதுக்கு ரொம்பக் கீழ போனா மாவாயிடும். முதல் 10 நிமிஷம் பம்பே ஓடக் கூடாது, தானியம் ஊறட்டும். அப்புறமும் வால்வு பாதிதான் திறப்பேன். ஹீட்டரையும் முழு வாட்ஸ்ல விடாம குறைச்சு வெச்சு, கால் மணிக்கு ஒருதரம் கிளறிட்டு, தானியத்துக்குள்ள அளந்த எண்ணைத்தான் எடுத்துக்குவேன்.

சிங்கப்பூரிலிருந்து:
அண்ணா, எனக்கு வேற மாதிரி ஆச்சு. பில்ஸ்னர்ங்கிற வெளிர் பார்லி மால்ட்டோட சாறை மூடி போட்டே ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். பீர்ல வேகவெச்ச சோளத்தோட வாடை. அந்த மால்ட்லேர்ந்து டைமெத்தில் சல்ஃபைடு உருவாகும், அது ஆவியோட வெளியே போகணும். இப்போ 90 நிமிஷம், மூடியே கிடையாது. கொதிச்சதும் சீக்கிரம் ஆறவும் வைக்கணும். இங்கே குழாய்த் தண்ணியே வெதுவெதுப்பா வரும், பாத்திரத்துக்குள்ள இறக்கின சுருள்குழாய்ல விட்டா 35 டிகிரிக்குக் கீழ இறங்கவே இறங்காது. அதுவரைக்கும் குழாய்த் தண்ணி, அப்புறம் ஒரு வாளி ஐஸ் தண்ணியில சின்ன பம்பைப் போட்டு அதையே சுத்த விடுறேன். 20-க்கு வந்துடுது.

டொரோன்டோவிலிருந்து:
ஹேஸி ஐபிஏ (ஹாப்ஸ் மணம் தூக்கலா, கலங்கலா இருக்கிற பீர்) செய்றவங்களுக்கு ஒண்ணு. கடைசி ஹாப்ஸை, அதாவது கசப்பும் மணமும் தர்ற அந்தப் பூவை, கொதியில போடாதீங்க. 80 டிகிரிக்கு இறக்கி அங்கேயே நிறுத்தி 20 நிமிஷம் வைங்க, கசப்பு அதிகம் ஏறாம மணம் தங்கும். அந்த வெப்பத்தைப் பிடிச்சு வைக்கிறதுல மெஷினுக்கு நிகரே இல்லை. ஆனா கெக்குக்கு (பீர் வைக்கிற உலோகப் பீப்பாய்) மாத்தும்போது காத்து பட்டா எல்லாம் வீண். என் மூணாவது பேட்ச் மாம்பழ நிறத்துல இருந்தது, பத்து நாள்ல பழுப்பாயிடுச்சு, மணமும் போச்சு. இப்போ கெக்கை கார்பன் டை ஆக்சைடால நிரப்பிட்டு, மூடின குழாய் வழியாத்தான் மாத்துறேன்.

சிங்கப்பூரிலிருந்து:
அண்ணா, அந்த உமியை முதல்ல கொதிக்க வைக்கணுமா?

மெல்பர்னிலிருந்து:
வேண்டாம் தம்பி. தூசி போக ரெண்டு மூணு தண்ணியில அலசினா போதும், வடிச்ச சாறு எப்படியும் அப்புறம் ஒரு மணி நேரம் கொதிக்கத்தானே போகுது. ஈரத்தோடயே போடு. காய்ஞ்ச உமி நீ அளந்து வெச்ச தண்ணியைக் கொஞ்சம் உறிஞ்சிடும்.