புதுப்பிப்பு: தேக்கடியில் பலனோபோரா பார்த்தாச்சு!

தேக்கடி காட்டில் வழிகாட்டியோடு நடந்தால் மரவேரில் ஒட்டி வாழும் பலனோபோரா என்ற செடியின் பூ கண்ணில் படுமா என்று கேட்டிருந்தேன். பட்டது! பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வனத்துறை நடையில் வந்த வழிகாட்டி அண்ணன் மன்னான் பழங்குடிச் சமூகத்தவர், நல்ல தமிழில் பேசினார். நாங்களெல்லாம் மலபார் அணில் தேடி மேலே பார்க்க, அவர் பெரிய மரங்களின் அடிவேரையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் குந்தி, சருகைக் குச்சியால் மெல்ல ஒதுக்கினார். கருஞ்சிவப்பில், காளான் மாதிரி மொத்தையாக நின்றது. குனிந்து பார்த்தால், அந்த மொத்தை முழுக்கப் பொடிப் பூக்கள், இடையில் எறும்புகள்.

இதற்குப் பச்சையம் கிடையாது. கிழங்கை மரவேரோடு ஒட்டவைத்து அங்கிருந்தே உணவை உறிஞ்சுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வகையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் பூ உலகின் மிகச் சிறிய பூக்களில் ஒன்று, வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்கவே முடியாது.

படம் எடுத்ததும் அண்ணன் சருகைத் திரும்ப மூடிவிட்டார். அந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடித்தது. வேரை மிதித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் சரியான இடத்தை இங்கே போடமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், அட்டை கடிக்காமலிருக்கத் தரும் துணிக் காலுறையை முழங்கால்வரை இறுக்கிக் கட்டுங்கள்.