ஏற்காடு ஷெட்டுல நிக்கிற 1951 செவர்லே வேன், மீட்க முடியுமா?

எஸ்டேட் பேரன்:
வணக்கங்க, எங்க தாத்தா காப்பி மூட்டை ஏத்துன மூடு வேன், ஒரு பக்கத் தகடு மழை ஈரத்துல அப்பளமா நொறுங்குது, சீட்டுக்கு அடியில கைய விட்டா இன்னும் காப்பிக்கொட்டை சிக்குது, பழைய இரும்புக்குப் போட மனசே வரல. எங்க ஆரம்பிக்கிறது?

செவ்வாய்ப்பேட்டை டிங்கர்:
போட்டுராதீங்க தம்பி! காருன்னா வீட்டுல பொத்திப் பொத்தி வெச்சிருப்பாங்க, சரக்கு வண்டிய ஓடுற வரைக்கும் ஓட்டிட்டு ஒடச்சிருவாங்க, அதான் இது கண்ணுலயே படறதில்ல. அப்பல்லாம் எஞ்சினோட அடிச்சட்டம் (சேசிஸ்) மட்டும் வாங்கி இங்கயே மரச்சட்டம் அடிச்சுத் தகடு போர்த்துறதும் உண்டு, உங்களுதும் அப்படின்னா நல்ல ஆசாரிய புடிங்க. பழைய தகட்ட வீசிராதீங்க, அளவு எடுக்க அதுதான் மாதிரி. பட்டி பூசி மறைச்சா ரெண்டு மழைக்கு உப்பிக்கும்.

ஆறு சிலிண்டர்:
216 கன அங்குல எஞ்சின்தானே? உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஸ்பார்க் ப்ளக்க கழட்டி அந்த ஓட்டை வழியா எண்ணெய் ஊத்தி ரெண்டு நாள் ஊறவிட்டு கையால சுத்திப் பாருங்க. அது 6 வோல்ட் பேட்டரி வண்டி, 12 மாட்டுனா பல்பு போயிரும். ப்ரேக் பாக்காம 20 கொண்டை ஊசியில எறக்கவே கூடாது, லாரில ஏத்துங்க.

ஆர்சி ஆறுமுகம்:
ஆர்சிய தேடுங்க. 2021 விதிப்படி 50 வருசம் தாண்டி ஒரிஜினலா இருந்தா டூவீலருக்கும் காருக்கும் விஏ நம்பர் (பழங்கால வண்டிக்கான தனிப் பதிவு எண்) வாங்கலாம், ஆனா வியாபாரத்துக்கு ஓட்டக்கூடாது. சரக்கு வேனுக்கு அது கெடைக்குமான்னு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்குங்க.

எஸ்டேட் பேரன்:
தட்டிப் பாத்தேன், மரச்சட்டந்தாங்க! நாளைக்கே ப்ளக் கழட்டுறேன்.