விவாதம்: பச்சை குத்திய கையை நம் குடும்பங்கள் ஏற்க வேண்டுமா?

ஈசூன் தந்தை:

என் மகளுக்கு வயது 23. சென்ற மாதம் ஸ்காட்ஸ் சாலையில் உள்ள ஃபார் ஈஸ்ட் பிளாசாவுக்குத் தோழியுடன் போய், முன்கையின் உட்புறத்தில் ஒரு புள்ளிக் கோலத்தைப் பச்சை குத்திக்கொண்டு வந்தாள். அடுத்த வாரமே உறவினர் வீட்டில் நிச்சயதார்த்தம். அவள் கையைப் பார்த்த என் அக்கா, கூடியிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும், "நாளைக்கு உன்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டுவிட்டார். மகள் பதில் பேசவில்லை. ஆனால் அன்று முதல் குடும்ப நிகழ்ச்சி எதற்கும் வரமாட்டேன் என்கிறாள்.

அக்கா கேட்ட விதம் தவறு. கேட்ட கேள்வியே தவறு என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் 1980களில் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்தவன். கீழ்த்தளத்தில் கூடி நிற்கும் கும்பல்காரர்களின் கழுத்திலும் கைகளிலும் டிராகன்களும் எண்களும் இருக்கும். அவர்களைக் கண்டால் மின்தூக்கிக்காக நிற்காமல் படியேறி வந்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். அந்த அச்சம் கற்பனை அன்று. சட்டவிரோதச் சங்கம் ஒன்றின் உறுப்பினராக இருந்தாலே மூன்றாண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம் என்று சங்கங்கள் சட்டம் இன்றும் கூறுகிறது. இத்தகைய நினைவுகளோடு வாழ்ந்த ஒரு தலைமுறையிடம், இது வெறும் அலங்காரம், கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்வது நியாயமா? ஜப்பானிலும் பல வெந்நீர்க் குளியலிடங்கள் பச்சை குத்தியவர்களை இன்றுவரை உள்ளே விடுவதில்லை.

பொங்கோல் தாதி:

ஐயா, வணக்கம். நான் எட்டு ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்கிறேன். என் இடது தோளிலிருந்து முழங்கை வரை ஒரு வேலும் அதைச் சுற்றிய கொடியும் இருக்கின்றன. முதன்முதலில் விண்ணப்பித்த ஓரிடத்தில், என் சான்றிதழ்களைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே சட்டைக் கையை உயர்த்திக் காட்டச் சொன்னார்கள். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

பின்னர் வேறோர் இடத்தில் பணியில் சேர்ந்தபோது, தொண்ணூறு வயதை நெருங்கிய ஒரு பாட்டி, என் கையைப் பார்த்துவிட்டு இரத்தம் எடுக்க விடமாட்டேன் என்றார். காரணத்தை மெல்ல மெல்லத்தான் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அவருடைய தாயாரின் இரண்டு முன்கைகளிலும் கோலம் குத்தியிருந்ததாம். ஊசி பாசி விற்க வரும் குறப் பெண்கள் அகத்தி இலையையும் மஞ்சளையும் கருக்கி எடுத்த கரியைக் குழைத்து, ஊசியால் குத்திவிடுவார்களாம். அதையெல்லாம் சொல்லிக்கொண்டே, தம் தாயாரின் கையைத் தடவுவதுபோல என் கையைத் தடவிப் பார்த்தார். மறுநாள் காலை நான் வரும்வரை வேறு யாரையும் இரத்தம் எடுக்க அவர் விடவில்லை.

சங்க இலக்கியத்திலேயே தொய்யில் என்ற பெயரில் இந்தக் கலை இருந்திருக்கிறது. கும்பல்களைப் பார்த்து நாம் கற்றுக்கொண்ட அச்சத்துக்கு ஐம்பது, அறுபது ஆண்டு வயது இருக்கலாம். நம் பாட்டிமார் கைகளில் இருந்த கோலம் அதைவிட மிகவும் பழையது. உங்கள் மகள் குத்திக்கொண்டதும் அந்தக் கோலத்தைத்தானே?

தேக்கா முதியவர்:

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற உரிமையில் ஒரு திருத்தம். தொய்யில் என்பது சந்தனக் குழம்பு முதலியவற்றால் மகளிர் மார்பிலும் தோளிலும் எழுதும் கோலம். எழுதுவார்கள், அழியும், மீண்டும் எழுதுவார்கள். ஊசியால் குத்தி நிலைக்கச் செய்வது வேறு. பழமையைத் துணைக்கு அழைப்பதானால் சரியான பழமையை அழைக்க வேண்டும்.

பாட்டிமாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பத்தாவுக்குப் பச்சை குத்தியபோது வயது ஏழோ எட்டோ. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, கத்தக் கத்தக் குத்தியதாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அதை மரபு என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தீவுக்கு வந்த இந்தியர்களின் உடலில் இருந்த வேறொரு பச்சையையும் நாம் மறந்துவிட்டோம். 1825 முதல் இந்தியக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1873 வரை கைதிகள் குடியிருப்பு இங்கே இயங்கியது. சென்னை, வங்காள மாகாணங்களில் ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில், அவர்கள் செய்த குற்றத்தை அவர்களுடைய மொழியிலேயே பச்சை குத்தி அனுப்பினார்கள். அந்தக் கொடுமை 1849இல்தான் ஒழிக்கப்பட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவை இந்தியக் கைதிகளின் கைகள். தலைப்பாகையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுத்தை மறைத்தவர்களும் அந்தக் கைதிகளிடையே இருந்தார்கள். ஆகவே, பச்சையைக் கண்டு குற்றவாளி என்று முடிவுகட்டும் வழக்கம் 1980களின் கீழ்த்தளத்தில் பிறந்தது அன்று, ஈசூன் ஐயா. அரசாங்கமே ஊசி கொண்டு எழுதிக் கற்பித்த வழக்கம் அது.

இவ்வளவு தெரிந்தும் நான் பச்சை குத்துவதை எதிர்ப்பவன்தான். இருபத்து மூன்று வயதின் விருப்பம் ஐம்பது வயதுக்கும் சேர்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

பொங்கோல் தாதி:

தொய்யிலைப் பற்றிய திருத்தத்தை நன்றியோடு ஏற்கிறேன், ஐயா. ஆனால் உங்கள் அப்பத்தாவின் கதை என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஏழு வயதுக் குழந்தையைப் பிடித்துவைத்துக் குத்தியதை ஊர் ஏற்றுக்கொண்டது. 23 வயதுப் பெண் தானே தேர்ந்து, தன் சம்பளத்தில் குத்திக்கொண்டதை நம்மால் ஏற்க முடியவில்லை. திருமணம், வீட்டுக் கடன், பிள்ளைப் பேறு ஆகிய அனைத்தையும் இளவயதில்தான் முடிவு செய்கிறோம். ஈசூன் ஐயா ஜப்பானைச் சொன்னார். தென்கொரியாவில் மருத்துவர் மட்டுமே பச்சை குத்தலாம் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது; 2025இல் அந்நாட்டு நாடாளுமன்றம் மற்றவர்களும் உரிமம் பெற்றுக் குத்த வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. சிங்கப்பூரும் மாறிவிட்டது. பச்சைக்காக இன்று யாரும் யாரையும் ஒதுக்குவதில்லை.

இரண்டாம் வாய்ப்பு:

கடைசி வரிக்காகவே எழுதுகிறேன், தங்கச்சி. அந்த மாற்றம் என்னிடம் இன்னும் வந்து சேரவில்லை.

ஈசூன் அண்ணன் படியேறிப் போகக் காரணமாக இருந்த ஆள்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கலாம். பதினாறு வயதில் கும்பல் எண்ணை வலது கைப் பெருவிரலுக்குக் கீழே குத்திக்கொண்டேன். சிறையிலிருந்து வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. லாரி ஓட்டுகிறேன், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். முழுக்கைச் சட்டை போட்டாலும் அந்த இடம் மறையாது. காசு வாங்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் எதிரில் இருப்பவர் கண் அங்கேதான் போகும். பிள்ளையின் பள்ளிக்குப் போனால் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். முன்னாள் கைதிகளுக்கு மறுவாய்ப்புத் தரச் சொல்லும் மஞ்சள் நாடாத் திட்டம் 2004இல் தொடங்கியதிலிருந்து முதலாளிகள் பலர் மனம் மாறியிருக்கிறார்கள், அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மெல்லிய கோட்டில் பூ வரைந்த கை கலை, என் கை குற்றம் என்று பார்க்கும் பார்வை அப்படியே இருக்கிறது.

இப்போது லேசர் சிகிச்சை எடுக்கிறேன். மை தோலின் இரண்டாம் அடுக்கில் தங்கியிருக்கிறதாம். லேசர் அதைச் சிறு துகள்களாக உடைத்தால், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்துமாம். ஒவ்வொரு முறைக்கும் இடையே ஆறு, எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். கறுப்பு வெளிறிவிட்டது. ஓரத்தில் இருந்த பச்சை நிறம் போக மறுக்கிறது.

தைப்பூசத்தில் காவடி எடுத்துச் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலை வரை சட்டையில்லாமல் நடக்கிறேன். என் மார்பிலும் முதுகிலும் இன்னும் பல இருக்கின்றன. அன்றைக்கு ஒருவரும் விலகுவதில்லை. அருகில் வந்து கால் நனைய நீர் ஊற்றுகிறார்கள். மற்ற 364 நாள்களிலும் அந்த ஒரு நாளின் பார்வை வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பொங்கோல் தாதி:

அண்ணன், நான் எழுதிய வரி தவறு. என் கையை ஏற்றுக்கொண்டவர்களை மட்டும் மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். மன்னியுங்கள்.

ஈசூன் தந்தை:

இரண்டாம் வாய்ப்புத் தம்பி எழுதியதை இருமுறை படித்தேன். படியேறிப் போனதற்காக நான் வருந்த மாட்டேன்; அன்றைக்கு அது எங்களுக்குத் தேவையாக இருந்தது. ஆனால் பதினான்கு ஆண்டுகளாக உழைத்து வாழும் ஒருவர் தம் பிள்ளையின் பள்ளியில் கையைப் பைக்குள் மறைக்கிறார் என்றால், அங்கே வெட்கப்பட வேண்டியது அவர் அல்லர்.

மகளின் பச்சையை நான் இன்னும் விரும்பவில்லை. விரும்புவதாக அவளிடம் நடிக்கவும் மாட்டேன். அக்காவிடம் மட்டும் நாளை பேசப் போகிறேன்; சபையில் கேட்டதற்கு அவர் மகளிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

தாதி அம்மா, ஒரு கேள்வி. கோலத்தின் நடுவில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. அந்த இடம் மட்டும் நான்கு வாரம் ஆகியும் தடித்திருக்கிறது, இரவில் சொறிகிறாள். என்னிடம் சொல்லவில்லை, நானாகக் கவனித்தேன்.

பொங்கோல் தாதி:

மேல்தோல் இதற்குள் ஆறியிருக்க வேண்டும், ஐயா. சிவப்பு மை சிலருக்கு ஒவ்வாமையைத் தருவது உண்டு. அதனால் மருத்துவர் பார்ப்பது நல்லது. இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சீழோ காய்ச்சலோ இருந்தால் அன்றே போய்விடுங்கள். அதுவரை எந்தக் களிம்பையும் நீங்களாக வாங்கித் தடவ வேண்டாம்.