ஓட்டம், ஏபி பாடங்கள், ரோபோடிக்ஸ்: அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் 10-ஆம் வகுப்பு. இலையுதிர் காலத்தில் கிராஸ் கன்ட்ரி, அதாவது புல்வெளியிலும் மண்பாதையிலும் 3 மைல் ஓட்டம்; வசந்தத்தில் டிராக், அதாவது மைதானத் தடத்தில் ஓட்டம். சாயங்காலம் சேறு அப்பிய ஷூவோடு வருகிறாள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வேதியியல் புத்தகத்தை விரித்து, அதன்மேலேயே தூங்கிப்போகிறாள். பார்க்க மனசு கேட்கவில்லை.

அடுத்த வருஷம் மூன்று ஏபி பாடம் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) எடுக்க ஆசைப்படுகிறாள். அக்டோபரில் பிஎஸ்ஏடி (கல்லூரி சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்கு முன்னோட்டம்), ஜனவரியில் ரோபோடிக்ஸ், அப்புறம் மே மாதம் ஏபி தேர்வுகள். டிராக் போட்டிகள் சூடுபிடிப்பதும் அப்போதுதான். ஓட்டத்தை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு நல்ல தோழிகள் கிடைத்தார்கள்.

பிள்ளைகளை இப்படி வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: எதைக் குறைத்தீர்கள்? கோடையிலேயே ஏதாவது பாடத்தை முடிக்க வைத்தீர்களா? கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் (டிவிஷன் 1) ஓட, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ கேட்கும் 16 முக்கியப் பள்ளிப் பாடங்களை எந்த வருஷம் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தீர்கள்? அடுத்த வருஷம் எந்தெந்தப் பாடம் என்று பிப்ரவரிக்குள் பள்ளிக்குச் சொல்ல வேண்டும்.